போர்ட் ஹார்கோர்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நைஜீரியாவின் எண்ணெய் நகரம் என்று பெயர் வாங்கிய ஊர் இது. வேலைக்கு அழைப்பு வந்தவர்கள், செய்தியில் பெயரைப் பார்த்தவர்கள், கப்பலில் அந்தப் பக்கம் போய் வந்தவர்கள் என்று பலரும் கேட்பதை இங்கே தொகுத்திருக்கிறேன். சில கேள்விகளுக்கு ஒரு வரி போதும். சிலவற்றுக்கு நூறாண்டு பின்னால் போக வேண்டும்.

ஊர் சரியாக எங்கே இருக்கிறது? கடற்கரையிலா?

கடற்கரை என்று நினைத்துப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். கினி வளைகுடாவிலிருந்து போனி ஆற்றின் வழியே சுமார் 66 கிலோமீட்டர் உள்ளே வந்தால்தான் துறைமுகம். சுற்றிலும் நைஜர் ஆற்றின் கழிமுகம்: அலையாத்திக் காடு, சேறு, உப்புக் கலந்த கால்வாய்கள். மணல் கரையும் அலையும் கிடையாது. ரிவர்ஸ் மாநிலத்தின் தலைநகர் இது.

ஹார்கோர்ட் என்பவர் யார்?

லூயிஸ் ஹார்கோர்ட். 1910 முதல் 1915 வரை பிரிட்டனின் காலனிகள் துறை அமைச்சர். 1912-ல் இடம் தேர்ந்து வேலை தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு கவர்னர் லுகார்ட் தன் மேலதிகாரியின் பெயரை ஊருக்குச் சூட்டினார். அவ்வளவுதான் கதை.

இடத்துக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. இக்வேரே மக்கள் இகுவோச்சா என்றார்கள். கரையில் ஓக்ரிகா மக்களின் மீன்பிடிக் குப்பங்கள் இருந்தன. 1913-ல் காலனி அரசு டியோபு மக்களிடமிருந்து நிலத்தை எழுதி வாங்கியது. அந்த எழுத்தை எதிர்த்து டியோபுக்காரர்கள் பின்னாளில் நீதிமன்றம் வரை போனார்கள். டியோபு இன்று ஊரின் நெரிசல் மிகுந்த பகுதிகளில் ஒன்று. மைல் 1, மைல் 2, மைல் 3 என்று நிறுத்தங்களின் பெயரிலேயே அதன் சந்தைகளையும் தெருக்களையும் குறிப்பிடுவார்கள்.

அமைச்சரின் பெயரை இக்போ மக்களின் நாக்கு 'பிட்டாக்வா' என்று மென்று தன்வசமாக்கிக்கொண்டது. இளைஞர்களுக்கு வெறும் 'பிஎச்'.

எண்ணெய் கிடைத்ததால்தானே ஊர் உருவானது?

இல்லை. இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொண்டு கேட்கிறார்கள். ஊர் உருவானது நிலக்கரிக்காக.

1909-ல் உள்நாட்டில் எனுகு பக்கம் நிலக்கரி தென்பட்டது. அதைக் கடலுக்குக் கொண்டுவர ஒரு வாய் தேவைப்பட்டது. ஆழமான ஆறு, பக்கத்தில் ரயில் போடத் தோதான மேட்டு நிலம், இரண்டும் சேர்ந்த இடமாக இது அமைந்தது. சுமார் 240 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டு 1916-ல் எனுகுவை எட்டினார்கள். அதே ஆண்டில் கரி கப்பலேறியது. பட்டா, சாலை, வெள்ளையர் குடியிருப்பு, கறுப்பர் குடியிருப்பு எல்லாம் அதற்குப் பின்புதான் வந்தன. ரயிலும் துறைமுகமும் முதலில், மனிதர்கள் பிறகு.

ஆனால் 'எண்ணெய்' என்ற சொல் இந்த வட்டாரத்துக்கு அதைவிடப் பழையது. 1885-ல் பிரிட்டன் இந்தக் கரையைத் தன் பாதுகாப்பில் எடுத்தபோது அதற்கு வைத்த பெயரே எண்ணெய் ஆறுகள் என்பதுதான். அது பாமாயில்! லிவர்பூலில் சோப்பு காய்ச்சவும், மெழுகுவர்த்தி வார்க்கவும், இயந்திரங்களுக்கு மசகு போடவும் இங்கிருந்து பீப்பாய் பீப்பாயாகப் போனது. அதற்கும் முன்பு, போனித் தீவிலிருந்து போன சரக்கு, அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்கள்.

பாமாயில் காலத்து மனிதர் ஒருவரைச் சொல்லாமல் நகர முடியாது. ஒபோபோவின் ஜாஜா. இக்போ குடும்பத்தில் பிறந்து, சிறுவனாகப் போனிக்கு அடிமையாக வந்து, வணிகக் குடும்பமொன்றின் தலைவராக உயர்ந்து, பிரிந்து போய்த் தனக்கென ஒபோபோ என்ற நகரையே நிறுவியவர். வெள்ளை வணிகர்களைத் தாண்டி நேராக லிவர்பூலுக்கே எண்ணெய் அனுப்பினார். 1887-ல் பேச்சுவார்த்தைக்கு என்று அழைத்துக் கைதுசெய்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு நாடு கடத்தினார்கள். 1891-ல், ஊர் திரும்பும் வழியில், தெனெரீஃப் தீவில் இறந்தார். விலையைத் தானே வைக்க முயன்ற உள்ளூர்க்காரருக்கு நேர்ந்தது இது. போர்ட் ஹார்கோர்ட் பிறப்பதற்கு இருபது ஆண்டு முன்பு.

அப்படியானால் பெட்ரோலியம் எப்போது வந்தது?

1956 ஜனவரியில், மேற்கே ஒலோய்பிரி என்ற கிராமத்தில் ஷெல் நிறுவனத்தின் துளைக்கருவி எண்ணெயைத் தொட்டது. அந்தக் கிராமம் இன்று பக்கத்து மாநிலமான பாயெல்சாவில் இருக்கிறது. 1958 பிப்ரவரியில் நைஜீரியாவின் முதல் கச்சா எண்ணெய்க் கப்பல் போர்ட் ஹார்கோர்ட்டிலிருந்து கிளம்பியது. அப்போதைய உற்பத்தி நாளொன்றுக்குச் சுமார் 5,000 பேரல். 1961-ல் ஏற்றுமதி முனையம் ஆற்று வாயிலிருக்கும் போனித் தீவுக்குப் போய்விட்டது. உலகச் சந்தையில் 'போனி லைட்' என்று விலை சொல்லும் மெல்லிய, கந்தகம் குறைந்த எண்ணெய் அங்கிருந்து ஏறுவதுதான். 1999 முதல் திரவ இயற்கை எரிவாயுவும் அதே தீவிலிருந்து போகிறது. பெரிய சரக்குக் கப்பல்களும் இப்போது ஊருக்குள் வராமல் கிழக்கே ஓன்னே துறைமுகத்தில் நின்றுவிடுகின்றன.

ஆக, ஊரின் பழைய துறைமுகத்தில் எண்ணெய்க் கப்பல் பார்க்கலாம் என்று போகாதீர்கள். ஊரில் இருப்பது எண்ணெயின் அலுவலகங்கள், கிடங்குகள், பழுதுபார்க்கும் பட்டறைகள், ட்ரான்ஸ் அமாடி தொழிற்பேட்டை, மற்றும் அந்தச் சம்பளத்தை நம்பி வாழும் லட்சக்கணக்கான பேர்.

எண்ணெய்க்கு மேல் உட்கார்ந்திருக்கும் ஊரில் பெட்ரோலுக்கு வரிசை நிற்கிறார்களாமே, உண்மையா?

உண்மை. கச்சா எண்ணெயை வண்டியில் ஊற்ற முடியாது என்பதுதான் பிடி.

ஊருக்குக் கிழக்கே அலெசா-எலெமேயில் 1965-ல் நாட்டின் முதல் சுத்திகரிப்பு ஆலை வந்தது. 1989-ல் பக்கத்திலேயே நாளைக்கு 1,50,000 பேரல் கொள்ளளவில் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து 2,10,000 பேரல். காகிதத்தில் பெரிய அளவுதான். நடைமுறையில் பராமரிப்பு இல்லாமல் ஓட்டமும் நிறுத்தமுமாக இருந்து, கடைசியில் பல ஆண்டுகள் அடியோடு நின்றே போனது. 2021-ல் 150 கோடி டாலர் ஒதுக்கிச் சீரமைத்தார்கள். 2024 நவம்பரில் மேளதாளத்துடன் பழைய ஆலையைத் திறந்தார்கள். 2025 மே மாதம் பராமரிப்பு என்று சொல்லி மூடினார்கள். திறந்ததைக் கொண்டாடியவர்களில் எத்தனை பேர் ஆச்சரியப்பட்டிருப்பார்கள் என்று தெரியவில்லை.

இடைப்பட்ட காலத்தில் நாடு கச்சாவை விற்றுப் பெட்ரோலை இறக்குமதி செய்தது, மானியம் கொடுத்து விற்றது. 2023 மே இறுதியில் புதிய அதிபர் டினுபு பதவியேற்ற நாளிலேயே மானியம் போனது. 200 நைராவுக்குள் இருந்த லிட்டர் சில நாளில் 500-ஐத் தாண்டியது. பேருந்துக் கட்டணம், தக்காளி, கர்ரி எனும் மரவள்ளி மாவு என்று எல்லாமே கூடவே ஏறின.

மின்சாரக் கதையும் அதேதான். தெருவுக்குத் தெரு ஜெனரேட்டர். சின்னப் பெட்டி ஜெனரேட்டருக்கு நைஜீரியா முழுக்க ஒரு செல்லப்பெயர் உண்டு: 'ஐ பெட்டர் பாஸ் மை நெய்பர்', பக்கத்து வீட்டானைவிட நான் ஒரு படி மேல். மின்வாரியத்தின் பெயர் எப்போதோ மாறிவிட்டாலும் விளக்கு வந்ததும் பிள்ளைகள் பழைய பெயரையே சொல்லி 'அப் நெப்பா!' என்று கூவுவார்கள்.

பியாஃப்ரா போரில் இந்த ஊர் எந்தப் பக்கம்?

இரண்டு பக்கமும் என்பதுதான் சரியான பதில். அதன் காயம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

ரயிலோடு வந்து ஊரைக் கட்டியவர்களில் பெரும்பான்மையோர் உள்நாட்டு இக்போ மக்கள். கடை, வீடு, அச்சகம், நகரசபை எல்லாவற்றிலும் அவர்கள் கை ஓங்கியிருந்தது. சுற்றியுள்ள கழிமுக மக்களுக்கு, இஜோ, கலபாரி, ஓக்ரிகா, ஓகோனி, இக்வேரேகளில் பலருக்கு, தங்கள் வாசலில் இருக்கும் ஊர் தங்களுடையதாக இல்லை என்ற குறை. 1967 மே 27-ல் மத்திய அரசு ரிவர்ஸ் மாநிலத்தைப் பிரித்து அறிவித்தது. மூன்று நாள் கழித்துக் கிழக்கு மாகாணம் பியாஃப்ரா என்ற தனி நாடானது. புதிய மாநிலத்துக்கு ஆளுநராக நியமிக்கப்பட்ட கடற்படை அதிகாரி ஆல்ஃபிரெட் டியெட்டே-ஸ்பிஃபுக்கு அப்போது 25 வயது நிறையவில்லை.

ஜூலையிலேயே போனித் தீவை மத்தியப் படை பிடித்தது. ஆற்று வாய் அடைபட்டது. 1968 மே மாதம் கர்னல் அடேகுன்லேயின் படை போர்ட் ஹார்கோர்ட்டுக்குள் நுழைந்தது. அத்தோடு பியாஃப்ராவுக்குக் கடலும் போனது, பெரிய விமான நிலையமும் போனது. உலகம் பார்த்த அந்தப் பட்டினிக் குழந்தைகளின் படங்களுக்குப் பின்னால் இந்த ஊரின் வீழ்ச்சியும் இருக்கிறது.

1970 ஜனவரியில் போர் முடிந்து இக்போ குடும்பங்கள் திரும்பி வந்தபோது வீடுகளில் வேறு ஆட்கள் இருந்தார்கள். 'கைவிடப்பட்ட சொத்து' என்று அரசு அதற்குப் பெயர் வைத்தது. நாட்டின் மற்ற இடங்களில் இக்போக்களுக்கு வீடு ஓரளவு திரும்பக் கிடைத்தது. இங்கே பெரும்பாலும் கிடைக்கவில்லை. 'உமு' என்று இக்போ ஒலியில் தொடங்கிய ஊர்ப்பெயர்கள் 'ருமு' ஆயின. ருமுவோலா, ருமுவோகோரோ, ருமுவோமாசி என்று இன்று பேருந்து நடத்துநர் கூவும் பெயர்களுக்குப் பின்னால் இந்தச் சண்டை ஒளிந்திருக்கிறது. இக்வேரே என்பது தனி இனமா இக்போவின் கிளையா என்று மட்டும் அங்கே போய்க் கேட்டுவிடாதீர்கள். டீ ஆறிவிடும்.

இவ்வளவு எண்ணெய்ப் பணம் எங்கே போகிறது?

முதலில் நாட்டின் தலைநகருக்கு, மத்திய அரசிடம். விடுதலை பெற்ற காலத்தில், கனிம வருவாயில் பாதி அது கிடைத்த மாகாணத்துக்கே திரும்பும் என்பது விதி. அப்போது வேறு மாகாணங்களில் வேர்க்கடலையும் கோகோவும் பெரிய சரக்கு, எண்ணெய் சின்னது. எண்ணெய் பெரிதாக ஆக ஆக அந்தப் பங்கு சுருங்கியது, ஒரு கட்டத்தில் 3 சதவீதத்துக்கும் கீழே போனது. 1999 அரசியல் சட்டம் குறைந்தது 13 சதவீதம் என்று நிறுத்தியது.

அந்த 13 சதவீதமே பெருந்தொகைதான். அதனால் ரிவர்ஸ் மாநில ஆளுநர் நாற்காலி நாட்டிலேயே அதிகம் சண்டை நடக்கும் நாற்காலிகளில் ஒன்று. அண்மைச் சான்று: முன்னாள் ஆளுநர் வீகேவுக்கும் அவரே அடுத்த ஆளுநராகக் கொண்டுவந்த ஃபுபாராவுக்கும் மூண்ட பகையில் 2023-ல் சட்டமன்றக் கட்டடம் தீப்பிடித்தது, பிறகு இடித்துத் தள்ளப்பட்டது, 2025 மார்ச்சில் மாநிலத்தில் ஆறு மாத அவசர நிலையே வந்தது.

கண்ணால் பார்க்கும் சான்று வேண்டுமென்றால் நகர மையத்தில் நிற்கும் மோனோரயில் தூண்களைப் பாருங்கள். 2009 வாக்கில் தொடங்கி, கைவிட்ட திட்டம். மேலே ஓட வேண்டிய ரயில் சேவைக்கு வரவே இல்லை.

கென் சாரோ-விவாவைத் தூக்கிலிட்டது இங்கேதானா?

ஆம். 1995 நவம்பர் 10, போர்ட் ஹார்கோர்ட் சிறை. எழுத்தாளரும் ஓகோனி மக்களின் போராட்டத் தலைவருமான அவருடன் இன்னும் எட்டு ஓகோனி மனிதர்கள்.

ஓகோனி நிலம் ஊரின் கிழக்கு எல்லையில் தொடங்குகிறது. எண்ணெய் எடுத்தும், குழாய் கசிந்தும், வாயு எரித்தும் கெட்ட நிலத்துக்கு நியாயம் கேட்டு 1990-ல் ஓகோனி மக்கள் உரிமைச் சாசனம் வெளியிட்டார்கள். 1993-ல் ஷெல் அங்கே எண்ணெய் எடுப்பதை நிறுத்தியது. இராணுவ ஆட்சியாளர் சானி அபாச்சாவின் சிறப்பு நீதிமன்றம், நான்கு ஓகோனித் தலைவர்களின் கொலையில் பங்கு என்று குற்றம் சுமத்தி ஒன்பது பேருக்கும் தூக்கு விதித்தது. உலகமே தடுக்கக் கேட்டும் நிறுத்தவில்லை. காமன்வெல்த் அமைப்பு நைஜீரியாவை இடைநீக்கம் செய்தது.

2011-ல் ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு அந்த நிலத்தை அளந்து அறிக்கை கொடுத்தது. ஒகாலே பகுதியில் ஒரு குடிநீர்க் கிணற்றில் பென்சீன் என்ற நச்சு, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவைப்போல் 900 மடங்கு. முழுதும் சுத்தம் செய்ய 25 முதல் 30 ஆண்டு பிடிக்கும் என்றார்கள். வேலைக்கான தொடக்க விழாவே 2016-ல்தான் நடந்தது.

மூக்கில் விரல் விட்டால் கரியாக வருமாமே?

2016 கடைசியில் அப்படித்தான் தொடங்கியது. துவைத்துப் போட்ட துணியில், மாடித் தரையில், கார் கண்ணாடியில் மெல்லிய கறுப்புப் பொடி. வெள்ளைச் சட்டை போடுவதையே விட்டவர்கள் உண்டு. ஊரார் அதை 'சூட்' என்கிறார்கள்.

பெரிய காரணம் காட்டுக்குள் நடக்கும் சமையல். குழாயில் துளையிட்டுத் திருடிய கச்சாவைத் தகரத் தொட்டிகளில் ஊற்றி, அடியில் தீ மூட்டி, ஆவியைக் குளிரவைத்து டீசலும் மண்ணெண்ணெயும் பிரிப்பார்கள். சாராயம் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு முறை உடனே புரியும். இதற்கு உள்ளூர்ப் பெயர் 'க்போ ஃபயர்'. மிஞ்சும் தாரை அப்படியே ஓடையில் கொட்டிவிடுவார்கள். பிடிக்க வரும் படையினர் பிடிபட்ட சரக்கை அங்கேயே கொளுத்துவதால் புகை இரட்டிப்பு. 2022 ஏப்ரலில் பக்கத்து இமோ மாநில எல்லையில் இப்படியொரு அடுப்பு வெடித்து நூறு பேருக்கு மேல் கருகினார்கள். அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் ரிவர்ஸ் அரசு இவற்றை அழிக்கும் வேட்டையைத் தொடங்கியிருந்தது.

திருட்டுதான். ஆனால் ஆலை மூடிக் கிடக்க, வேலை இல்லாமல் அலையும் வெல்டர் ஒருவருக்கு அதை ஏன் செய்யக்கூடாது என்று விளக்குவது சுலபமில்லை.

எவ்வளவு பேர் வாழ்கிறார்கள்?

1953-ல் சுமார் 72,000. பத்தாண்டில் 1.8 லட்சம். 2006 கணக்கெடுப்பில் நகரின் இரண்டு உள்ளாட்சிப் பகுதிகளும் சேர்த்து 10 லட்சம். இப்போதைய மதிப்பீடு 30 லட்சத்துக்கு மேல்.

வந்தவர்களுக்கு ஊர் இடம் வைத்திருக்கவில்லை. அவர்களே உண்டாக்கிக்கொண்டார்கள். 'சிக்கோக்கோ' என்ற அலையாத்திச் சேற்றை வெட்டிக் கூடைகூடையாகக் கொட்டி, ஆற்றோரத்தை மேடாக்கி, அதன்மேல் வீடு. இவற்றுக்கு 'வாட்டர்ஃப்ரன்ட்' என்று பெயர். 2009 ஆகஸ்டில் ஞெமான்சே குடியிருப்பை அரசு இடித்தபோது குறைந்தது 13,000 பேர் வீடிழந்தார்கள் என்று ஆம்னஸ்டி மனித உரிமை அமைப்பு கணக்கிட்டது. 2012-ல் அபொன்னெமா வார்ஃப். ஆற்றோரம் அழகாக வேண்டும் என்பார்கள். ஆற்றோரத்தை நிலமாக்கியவர்கள் யார் என்று கேட்கமாட்டார்கள்.

என்ன மொழி பேசுவது?

பிட்ஜின். வீட்டில் இக்வேரே, இக்போ, கலபாரி, ஓகோனி மொழிகள் என்று ஆளுக்கொன்று இருந்தாலும் சந்தையில், பள்ளி மைதானத்தில், வானொலியில் பிட்ஜின்தான். ஆங்கிலம் தெரிந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். 'ஹவ் ஃபார்?' என்றால் தூரம் கேட்கவில்லை, நலமா என்கிறார்கள். பதில் 'ஐ டே'. 'சாபி' என்றால் தெரியும், 'பிக்கின்' என்றால் குழந்தை; இரண்டும் பழைய போர்த்துகீசியக் கப்பல்கள் விட்டுப் போனவை. 'உனா', நீங்கள் எல்லாரும், இக்போவிலிருந்து. தொல்லை எதுவானாலும் 'வாஹாலா'.

சாப்பாடு?

போலே. வேறு எதையும் சொல்லாமல் இங்கேயே முடித்துக்கொள்ளலாம். நம் நேந்திரனுக்குச் சொந்தக்கார வாழைக்காயைத் தோலுரித்துக் கரி அடுப்பில் சுட்டு, பக்கத்தில் சுட்ட மீன், மேலே சிவந்த பாமாயிலில் மிளகாயும் வெங்காயமும் போட்டுக் காய்ச்சிய குழம்பு. தெருவோரம், செய்தித்தாளிலோ தட்டிலோ. நாடு முழுக்கக் கிடைக்கும், ஆனால் பிஎச்காரர்கள் வேறெங்கும் சாப்பிடுவதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆண்டுதோறும் அதற்கென்றே விழா எடுக்கிறார்கள்.

வீட்டில் ஒனூனு: சேனைபோன்ற யாம் கிழங்கும் பழுத்த வாழையும் பாமாயில் விட்டு இடித்த உருண்டை. கடலுணவுச் சாறுகளில் ஓட்டோடு போடும் சின்ன நத்தைகளை உறிஞ்சிச் சாப்பிடப் பழக வேண்டும். சாப்பிட்டபின் ஓடு வீணாகாது. ஜல்லிக்குப் பதிலாகக் கான்கிரீட்டில் போட்டுவிடுவார்கள்.

ஊருக்குள் எப்படிப் போய்வருவது?

'ஒகாடா' எனும் வாடகை மோட்டார் சைக்கிளை 2009-ல் தடைசெய்தபின் மூன்று சக்கர 'கேக்கே' பெருகியது. ஏறிப் பார்த்தால் நமக்குப் பழக்கமான வண்டி: பஜாஜ் அல்லது டிவிஎஸ். அபா சாலையிலும் இக்வேரே சாலையிலும் நெரிசல். அண்மையில் மேம்பாலங்கள் நிறைய வந்திருக்கின்றன. 2024 ஏப்ரலில் அபா நகருக்கு ரயில் மறுபடி ஓடத் தொடங்கியது, கரி ஏற்ற வந்த அதே தடத்தில்.

வேலைக்குப் போகலாமா? பாதுகாப்பு எப்படி?

இந்தியர்கள் புதிதல்ல. எலெமேயில் அரசு நடத்திய பெட்ரோ ரசாயன ஆலையை 2006-ல் இந்தோரமா குழுமம் வாங்கியதிலிருந்து நம் பொறியாளர்கள் போய்வருகிறார்கள்.

2006 முதல் 2009 வரை வெளிநாட்டு ஊழியர்களைக் கடத்துவது ஒரு தொழிலாகவே நடந்தது. பல நிறுவனங்கள் மூட்டை கட்டின. 1960-களிலிருந்து டயர் செய்த மிஷலின் ஆலை 2007-ல் மூடியது. அதற்குக் கடத்தல் மட்டும் காரணமில்லை, மலிவான இறக்குமதியும்தான். கழிமுகத்து ஆயுதக் குழுக்களுக்கு 2009-ல் அரசு பொதுமன்னிப்பு கொடுத்தபின் அவை அடங்கின. கடத்தல் அடியோடு நிற்கவில்லை. இரவில் நகரெல்லை தாண்டிப் பயணம் வேண்டாம், நிறுவனம் கொடுக்கும் பாதுகாப்பு ஏற்பாட்டை அலட்சியம் செய்ய வேண்டாம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். கொசுவலையை மறக்காதீர்கள், மலேரியா அங்கே நம் ஊர்ச் சளி மாதிரி.

எண்ணெயைத் தவிர ஊருக்கு வேறு பெயரே இல்லையா?

'தோட்ட நகரம்' என்பதுதான் பழைய பெயர். பழைய அரசுக் குடியிருப்பில் மாமர நிழல் இன்னும் கொஞ்சம் மிச்சம். கலபாரிக்காரரான ஹைலைஃப் இசைக் கலைஞர் கார்டினல் ரெக்ஸ் லாசனின் பாட்டு இல்லாமல் இன்றும் ஒரு பழைய தலைமுறைக் கல்யாணம் நடக்காது. இளைய தலைமுறைக்கு, 1991-ல் இங்கே பிறந்து 2021-ல் கிராமி வாங்கிய பர்னா பாய். 2014-ஆம் ஆண்டுக்கு யுனெஸ்கோ இந்த ஊரை உலகப் புத்தகத் தலைநகராகத் தேர்ந்தது. எழுத்தாளரைத் தூக்கிலிட்டு இருபது ஆண்டுகூட ஆகாத ஊரை.

எந்த மாதம் போவது நல்லது?

டிசம்பர், ஜனவரி. மார்ச்சில் தொடங்கும் மழை நவம்பர் வரை விடாது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும். ஆகஸ்டில் சில நாள் ஓயும். அதற்கு 'ஆகஸ்ட் பிரேக்' என்று பெயர் வைத்து, துணி காயப்போட்டுவிடுவார்கள். அப்போதும் மடிக்கும்முன் ஒருமுறை உதறுவார்கள், கரிப்பொடி போக.